மீசையில்லாப் பக்கிகள்

கோலாலம்பூர்,
18 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய ஜன்னத் பீவி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தோழி சஃபியாவின் அண்ணன் சித்தீக் எழுதுவது. நீங்களும் மகள் தஹ்மீனாவும் மருமகன் பாசித்தும் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். ஊரைவிட்டு வந்த இத்தனை வருடத்தில் ஒரு வரி எழுதாதவன் இன்றைக்கு எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் யோசிக்க மாட்டீர்கள். விஷயம் உங்களுக்கே தெரியும். சஃபியா என்னிடம் போனில் எல்லாம் சொன்னாள்.

ஜூலையோடு எனக்கு இங்கே வேலை முடிகிறது. அதற்குப் பிறகு நான் ஊரில் எங்கே தங்குவேன் என்பதுதான் என் தங்கச்சியின் கவலை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை போய் அங்கே இருந்துகொள்ள வேண்டும். என் மனைவி இர்ஃபானா மவுத்தாகி அடக்கம் ஆன பிறகு அவள் வீடு அவள் குடும்பத்தோடு போய்விட்டது. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. சஃபியா வீட்டு மாடியில் அவள் மருமகன் இருக்கிறார். நான் போய் மாசக்கணக்கில் உட்கார்ந்தால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். ஆகவே சஃபியா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். எனக்குத் துணை இல்லை. உங்களுக்கும் துணை இல்லை. உங்களிடம் வீடு இருக்கிறது.

இங்கே அருங்காட்சியகத்தில் நான் பறவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பாடம் செய்த பறவைகளை இனம் பிரித்து இழுப்பறைகளில் அடுக்குவதுதான் வேலை. இந்த மாதம் பக்கிகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். உப்பளத்து ரோட்டில் அந்தி நேரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்குமே, அந்தப் பக்கிதான். சூடான தேசங்களில் அதற்கு ஏகப்பட்ட சொந்தக்காரர்கள். பெரும்பாலும் வாயோரத்தில் மீசை மாதிரி விறைத்த முடி இருக்கும். இந்த ஊர்க் காட்டிலும் நம் மேற்கு மலையிலும் இருக்கிற காதுப் பக்கிக்கு அந்த மீசை கிடையாது. ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்தில் இருக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் கிடையாது. இரண்டுக்கும் மீசை இல்லையே என்று பார்த்து இரண்டையும் ஒரே பேரினத்தில் வெகுகாலம் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு மரபணுவை எடுத்துப் பார்த்தால், நினைத்த அளவுக்கு நெருக்கமே இல்லை. காதுப் பக்கியைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் இழுப்பறைக்கு அந்தச் செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்தது.

சஃபியா செய்திருப்பதும் அதே தப்புதான். இல்லாத ஒன்றை வைத்து இரண்டு பேரைச் சேர்க்கப் பார்க்கிறாள். நான் அவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களிடமும் நேரே சொல்வதுதான் மரியாதை என்று எழுதுகிறேன். ஒரு கூரைக்காகக் கல்யாணம் செய்துகொள்ள என்னால் முடியாது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நலம் நாடும்,
சித்தீக்

*

அதிராம்பட்டினம்,
9 பிப்ரவரி 2025

சித்தீக் காக்கா அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஜன்னத் பீவி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தைப் பிரிக்கும் வரைக்கும் நான் சுகமாகத்தான் இருந்தேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பெண் கேட்டு வந்துவிட்டு வேண்டாம் என்று போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கவே கேட்காமல், மலேசியாவிலிருந்து ஸ்டாம்பு ஒட்டி வேண்டாம் என்று சொன்ன ஆள் நீங்கள் ஒருத்தர்தான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சஃபியா வீட்டுக்குப் போனேன். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். உட்காருடி என்றேன். உங்களிடம் முதலில் கேட்டுவிட்டு, நீங்கள் சரி என்ற பிறகு என்னிடம் சொல்லலாம் என்று இருந்தாளாம். நீங்கள் சரி என்றால் நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன் என்பது அவள் கணக்கு. எங்கிருந்து வந்தது அந்தக் கணக்கு என்று கேட்டேன். இன்னொரு இறாலை எடுத்து உரித்தாள். கை நாறுவதைப் பற்றிக் கவலைப்படாமல் நானும் உட்கார்ந்து உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், சண்டை சண்டையாக இருக்கட்டும்.

மீசை இல்லாதவள் என்று எழுதியிருந்தீர்கள். தகவலுக்குச் சொல்கிறேன், இப்போது என் முகவாயில் நாலைந்து முடி இருக்கிறது. தஹ்மீனாதான் பிடுங்கிவிடுவாள்.

போனிலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இந்தப் போன் மகன் நௌஷாத் அபுதாபியிலிருந்து வாங்கி அனுப்பியது. இதில் வருவதெல்லாம் தஹ்மீனாவின் கம்ப்யூட்டரிலும் வருகிறது. நான் கீழே தும்மினால் அபுதாபியில் கேட்கிறது. ஆகவே தபால்தான் நமக்குச் சரி. தபால்காரர் துரைராசுவுக்கு மட்டும்தான் தெரியும், அவர் ஒரு வாய் தேத்தண்ணியோடு மறந்துவிடுவார்.

உப்பளத்து ரோட்டை நீங்கள் மறக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். சஃபியாவைப் பின்னால் கேரியரிலும் என்னை முன்னால் பாரிலும் உட்காரவைத்துக்கொண்டு, பக்கி காட்டுகிறேன் என்று ஓட்டிப் போனீர்கள். டைனமோ வெளிச்சத்தில் ரோட்டு நடுவில் சிவப்பாக இரண்டு கண். ஜின், பிசாசு என்று நான் கத்தியதில் சைக்கிள் உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டது. எங்களைத் தூக்கிவிடுவீர்கள் என்று பார்த்தால், பக்கி எந்தப் பக்கம் பறந்தது என்று தேடிக்கொண்டு போனீர்கள். பாவாடை முழுக்கச் சேறு. உம்மாவிடம் அடி வாங்கியது நான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மீசையை வைத்துச் சேர்க்கக் கூடாது என்றால் வேறு எதை வைத்துத்தான் சேர்ப்பார்கள்? கல்யாணப் பேச்சு முடிந்துபோனதால் கூச்சமில்லாமல் கேட்க முடிகிறது. நம் பக்கம் சம்பா அறுவடை. மாசி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று பார்த்தால், மெஷின் சேற்றில் இறங்க மாட்டேன் என்கிறது.

ஜன்னத் பீவி

*

கோலாலம்பூர்,
6 மார்ச் 2025

ஜன்னத் பீவி அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் நோன்பு பிறப்பதற்கு முந்தைய நாள் வந்தது. படித்துவிட்டு வெட்கமாக இருந்தது. பிறகு சிரித்தேன். அலுவலகத்தில் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அந்துருண்டை வாசனை தலைக்கு ஏறிவிட்டது என்று சொன்னேன். சஃபியாவை இனிமேல் திட்ட வேண்டாம். என் பங்குக்கு நான் நன்றாகத் திட்டிவிட்டேன்.

கேட்டதற்குப் பதில். பக்கிகளைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு. எல்லாமே காய்ந்த சருகு நிறம். எலும்பைப் பார்ப்பார்கள், முட்டையைப் பார்ப்பார்கள், இப்போது மரபணு. காட்டில் என்றால் குரல்தான். உப்பளத்துப் பக்கி கேரம்போர்டில் காயை விட்டது போல டக் டக் டக்கென்று தட்டி, கடைசியில் கடகடவென்று உருட்டும். இங்கே உள்ள காதுப் பக்கி சூரியன் இறங்கியதும் மரங்களுக்கு மேலே பறந்துகொண்டே 'தப்-டி-பாவ்' என்று கூப்பிடும். ஒரு தடவை கேட்டவன் இரண்டையும் ஒன்று என்று சொல்லவே மாட்டான். கூடு என்று எதுவும் கட்டாது, வெறும் தரையில் ஒரே ஒரு முட்டை.

ஒருத்தரிடம் ஒன்று இல்லை என்பது மட்டும் ஏன் போதாது என்றால், அது எந்த வழியாக இல்லாமல் போனது என்று தெரியாது. நான் தனியானது ஒரு வழி. நீங்கள் தனியானது வேறு வழி. அதைத்தான் அன்றைக்கு எழுத வந்தேன், எழுதத் தெரியாமல் எழுதிவிட்டேன்.

இங்கே பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஆனால் அது நம் ஊர்க் கஞ்சி இல்லை. உங்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். சஃபியாவைத் தேடி வருவதுபோல நீங்களே கொண்டு வருவீர்கள். அதில் மட்டும் தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நோன்பு வந்தால் எனக்கு முதலில் அந்த வாசனைதான் வரும். இர்ஃபானாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் சொல்லாமல் இருந்துகொண்டேன்.

ஒரு பழைய விஷயம். உங்களைப் பெண் கேட்டு என் வாப்பா உங்கள் வீட்டுக்குப் போனார். நான்தான் சஃபியா மூலமாகச் சொல்லிப் போகவைத்தேன். திரும்பி வந்து, அவர்களுக்கு இஷ்டமில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். இஷ்டமில்லாத இடத்தில் கேள்வி என்ன என்று நானும் இருந்துவிட்டேன். உங்கள் மேல் எனக்குக் கொஞ்சநாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. சைக்கிளிலிருந்து தள்ளிவிட்டவனை எந்தப் பெண் கட்டிக்கொள்வாள்.

சித்தீக்

*

அதிராம்பட்டினம்,
12 ஏப்ரல் 2025

சித்தீக் காக்கா அவர்களுக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்தது. விருந்தாளிகள் போன பிறகுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

இஷ்டமில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. நான் சமையல்கட்டில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். இத்தனை வருடம் உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். தெரிந்துதான் போனீர்கள் என்று நினைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் பெரியவாப்பா வீட்டில் ஒண்டிக் குடியிருந்தோம். எனக்கென்று கட்டிய வீடு பக்கத்து மனையில் பாதியில் நின்றது. வாப்பாவின் கொழும்புக் கடை கலவரத்தில் போன பிறகு வேலை நின்றுவிட்டது. சுவர் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியிருந்தது, அதற்குமேல் ஆகாசம். உங்கள் வாப்பா உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். ஒரு செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். "தளம் எப்பப் போடுவீங்க?" என்று கேட்டார். "அடுத்த வருசம், இன்ஷா அல்லாஹ்" என்றார் என் வாப்பா. "அப்ப அடுத்த வருசம் பேசிக்குவோம்" என்று சொல்லிவிட்டு, வைத்த காப்பியைக் குடிக்காமல் போனார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. மகனை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பார்? நம் ஊரில் எல்லாத் தகப்பனும் அதைத்தான் பார்ப்பான். கொஞ்ச நாளில் இர்ஃபானா வீட்டில் பந்தல் போட்டார்கள்.

உங்கள் கல்யாணத்துக்கு நான் வந்தேன். விருந்தில் தாலிச்சா நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து, அந்தப் பாதிச் சுவருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அழுதேன். யாருக்கும் தெரியாது. சஃபியாவுக்கு மட்டும் தெரியும், அவள்தான் தேடிக்கொண்டு வந்தாள்.

என் வீட்டுக்காரர் ஹாஜா மைதீனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தளம் போடும் வரைக்கும் எனக்காகக் காத்திருந்த மனிதர். கடைசி வரைக்கும் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவர் மவுத்தான அன்றைக்குத்தான் இந்த வீடு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்குக் கூரை இல்லை என்று வரவில்லை. இன்றைக்குக் கூரை இருக்கிறது என்று வர மாட்டேன் என்கிறீர்கள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜன்னத் பீவி

*

அதிராம்பட்டினம்,
17 மே 2025

சித்தீக் காக்கா அவர்களுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் இல்லை. கடிதம் வரவில்லையா, இல்லை வந்து உங்களைப் பேச்சில்லாமல் ஆக்கிவிட்டதா? துரைராசு வாசலில் நிற்காமல் போகும்போது என்னைப் பார்க்காத மாதிரி போகிறார். எனக்கு அவமானமாக இருக்கிறது, அவருக்கும்தான்.

தஹ்மீனாவுக்குத் தெரிந்துவிட்டது. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்த உங்கள் கடிதங்களை எடுத்துவிட்டாள். கோபப்படவில்லை. அழவும் இல்லை. "வீட்டை என்னம்மா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் பெற்றுப் பேர் வைத்த பிள்ளை, முதலில் கேட்டது அதைத்தான். மாடியில் அவளும் பாசித்தும், கீழே நானும் ஒரு புது மாப்பிள்ளையும் என்றால் பிற்பாடு வீடு யாருக்கு என்று அவளுக்குப் பயம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கும் ஒரு பெண் பிறந்தால் வீடு வேண்டும். ஆனாலும் எனக்குக் கசந்தது.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

ஜன்னத் பீவி

*

கோலாலம்பூர்,
1 ஜூன் 2025

ஜன்னத்,

ஸலாம். இரண்டு கடிதமும் கையில் இருக்கின்றன. முதல் கடிதத்துக்கு எத்தனையோ தடவை பதில் எழுதிக் கிழித்தேன். வாப்பா மேல் கோபம் வந்தது. மண்ணுக்குள் கபரில் கிடக்கிறவர் மேல் எப்படிக் கோபப்படுவது என்று அதுவும் அடங்கிவிட்டது. வேண்டாம் என்று சொன்னார்கள் என நினைத்து ஒரு வாழ்க்கை முழுக்க, ஊருக்கு வரும்போதெல்லாம், உன் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்று வழியில் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம். பக்கியின் குரலைக் கேட்டு இனம் சொல்லத் தெரிந்தவனுக்கு, நேரே போய் உன் வாயால் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. பறவையை எந்த இனத்துக்கு மாற்றினாலும் அதன் காலில் கட்டிய பழைய சீட்டைக் கழற்ற மாட்டோம். புதுச் சீட்டை அதன் பக்கத்தில் கட்டுவோம். ஹாஜா மைதீனும் இர்ஃபானாவும் அப்படித்தான். அவர்களைக் கழற்றச் சொல்கிறவன் நான் இல்லை, நீயும் இல்லை.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்னோடு இருக்க ஆசை. உன் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் எனக்கு வேலை ஓடுவதில்லை. ஆனால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உன் வாப்பா கட்டி ஹாஜா மைதீன் வாழ்ந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவேன்? போக்கிடம் இல்லாமல் வந்து விழுந்தான் என்று ஊர் பேசும். ஊரை விடு. உன் மகள் தினமும் மாடிப்படியில் இறங்கும்போது அவள் கண்ணில் அதைப் பார்க்க வேண்டும். அது என்னால் ஆகாது, ஜன்னத்.

இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போங்கள் என்று இங்கே கேட்கிறார்கள். ஜூலை பாதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அநேகமாகச் சரி என்றுதான் சொல்லிவிடுவேன். நீ வருத்தப்படக் கூடாது என்று எழுத வந்தேன், ஆனால் நீ வருத்தப்படாவிட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

சித்தீக்

*

அதிராம்பட்டினம்,
27 ஜூன் 2025

மச்சான்,

இந்த வார்த்தையை எழுதிவிட்டு அரை நாள் எழுந்து போய்விட்டேன். அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி காக்கா என்று ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. கோபமாக இருந்தால் நீங்களே அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் வீட்டைத் தஹ்மீனா பேருக்கு எழுதிவிட்டேன். கீழ் வீடு, மாடி, கொல்லையில் கஜா புயலில் தப்பித்த தென்னை எல்லாம். நௌஷாத் லீவில் வந்திருந்தான், அவனும் கையெழுத்துப் போட்டான். அவனுக்கென்ன, அவன் பெண்டாட்டிக்கு வீடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தஹ்மீனா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் அதுக்காகக் கேக்கலம்மா" என்றாள். எனக்குத் தெரியும் என்றேன்.

நான் தனியாக இருக்கிறவரைக்கும் இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டு. என் கட்டிலை யாரும் நகர்த்த மாட்டார்கள், பாசித் தங்கமான பிள்ளை. ஆனால் மருமகன் வீட்டுக்கு நான் புருஷனைக் கூட்டிக்கொண்டு வர முடியாது. அதாவது, தனியாக என்றால் எனக்கு வீடு இருக்கிறது. உங்களோடு என்றால் எனக்கு வீடு இல்லை. ஒரு செங்கல் கூட இல்லை.

கூரைக்காக வந்தான் என்று இனி ஒருத்தர் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லிக்கொள்ள முடியாது. உங்களுக்காக மட்டும் செய்தேன் என்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம். மகளின் பயம் போக வேண்டும், அதற்கும்தான். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு போல இருந்தது. பயமாகவும் இருந்தது.

உங்கள் வாப்பா வந்து பார்த்த அன்றைக்கு நான் எப்படி இருந்தேனோ அப்படித்தான் இருக்கிறேன். அன்றைக்கு உங்களைக் கேட்காமலே அவர் திரும்பிப் போனார். இன்றைக்கு நான் உங்களையே கேட்கிறேன். கூரையில்லாத இந்த ஜன்னத்தை வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் அந்த இரண்டு வருடத்துக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள். எனக்கு எழுத வேண்டாம். துரைராசு வாசலில் நிற்காமல் போவதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. நாற்று விட்டாயிற்று.

ஜன்னத்

*

கோலாலம்பூர்,
11 ஜூலை 2025

ஜன்னத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு வருடமெல்லாம் ஆகாது என்று அருங்காட்சியகத்தில் நேற்றே சொல்லிவிட்டேன். பக்கிகளின் இழுப்பறைச் சாவியையும் கொடுத்துவிட்டேன். முப்பதாம் தேதி திருச்சிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.

தபால் போய்ச் சேரும் வரைக்கும் நீ வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாயே என்று பொறுக்காமல் நேற்றே போன் போட்டேன். உனக்கு இல்லை, பாசித்துக்கு. உன்னைப் பெரியவர்கள் மூலமாகத்தான் கேட்க வேண்டும். உன் வீட்டில் இப்போது பெரியவர் அவர்தான். "தம்பி, உங்க மாமியப் பொண்ணு கேக்குறேன்" என்றேன். அவர் மாடிப்படி இறங்கி வாசலுக்கு வரும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகத்தான் கேட்டார், "வாடகைக்கு வீடு பாக்கணுமே, மாமா. மாடியா, கீழேயா?"

என் பேரில் வாடகை வீடு. நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் போய் யாரும் பார்த்ததில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவே நிற்கும். நிற்கட்டும். நீ தலையை நிமிர்த்திக்கொண்டு வா. அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரு பாய்கூட இன்னும் வாங்கவில்லை. ஆனால் நீ வருவாய் என்று தெரியும், எனக்கு அது போதும்.

கீழ் வீடாகவே பார்க்கச் சொல்லிவிட்டேன். உனக்கு முழங்கால் வலி என்று சஃபியா சொன்னாள்.

உன்
சித்தீக்